கிறித்தவ நூல்களைத் தேர்ந்து படித்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் காமயகவுண்டன்பட்டியில் ஆற்றிய உரை)



கிறித்தவ இறையியல், வரலாறு, இலக்கியம் ஆகிய மூன்றையும் எவ்வாறு படிப்பது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் குருவும் அல்லன், போதகனும் அல்லன். பல்லாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன். தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் பாடநூலில் வந்த அளவிலே தொடங்கி, பின்னர் அவற்றின் சுவைக்காகவே முழுவதும் தேடிப் படித்தவன். அந்தத் தகுதி ஒன்றைக் கொண்டே இங்கு நிற்கிறேன்.

நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். இவ்வூரைச் சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அப்போது நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெற்றது: 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இத்திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பதே அது. கேட்பதற்கு இனிய செய்தி. ஒரு கவிஞர் இதனைக் கேட்டால் அன்றிரவே ஒரு கவிதை எழுதிவிடுவார். துறவி ஒருவர் கடல் கடந்து வருகிறார்; அவர் கையில் மறைநூல் ஒன்று, திராட்சைத் தண்டு ஒன்று. மறைநூலை ஏற்றவர் சிலர். திராட்சையை ஏற்றவர் எல்லோரும். எவ்வளவு அழகான காட்சி!

ஆனால் சற்று நின்று பார்ப்போம். பன்னீர்த் திராட்சை என்று நாம் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அவ்வகை இங்கிலாந்தில் ஒரு தோட்டக்காரரால் இருவேறு திராட்சை இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது; அறிமுகமானது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1832இல் இல்லாத வகையை 1832இல் யாரும் கொண்டுவந்திருக்க இயலாது. ஆகவே, அந்தப் பாதிரியார் கொண்டுவந்தது வேறு வகைத் திராட்சையாக இருக்கவேண்டும்; அல்லது ஆண்டு பிந்தியதாக இருக்கவேண்டும்; அல்லது இரண்டு செய்திகள் காலப்போக்கில் ஒன்றாய் ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும். இதனால் அந்தப் பாதிரியார் பொய்யாகிவிடவில்லை, பந்தலும் பட்டுப்போகவில்லை. நமக்குச் சொல்லப்பட்டதை நாம் சரிபார்த்தோம், அவ்வளவே. நான் 'தேர்ந்து படித்தல்' என்று சொல்வது இதைத்தான். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தெரிதல் முதலில், தெளிதல் பிறகு. நாமோ பெரும்பாலும் தெளிந்துவிட்டே தெரியப் போகிறோம்.

கிறித்தவ நூல்களை நம் நாட்டில் இருவகையினர் தேராமல் படிக்கின்றனர். ஒருவகையினர் பக்தியால், எழுதியவர் புனிதர், ஆகவே எழுத்தும் புனிதம் என்பார்கள். மற்றொரு வகையினர் பகையால். எழுதியவர் அயலார், ஆகவே எழுத்தும் சூழ்ச்சி என்பார்கள். இருவரும் நூலைத் திறக்குமுன்பே தீர்ப்பெழுதி முடித்தவர்கள். விவிலியமே இப்படிப் படிக்கச் சொல்லவில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரத்தில் பெரேயா என்னும் ஊர் மக்கள் வருகிறார்கள். பவுல் சொன்னதைக் கேட்ட அவர்கள், அது மெய்தானா என்று நாள்தோறும் மறைநூலைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. பெருந்தன்மை உடையவர்கள் என்று பாராட்டப்படுகிறார்கள். பவுல் சொன்னதையே சரிபார்க்கலாம் என்றால், பவுலைப் பற்றிப் பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதில் என்ன குற்றம்?

முதலில் இறையியல். இறையியல் நூலைப் படிக்கும் தமிழர் முதலில் பார்க்கவேண்டியது அதன் சொல்லை. கடவுளைக் குறிக்க எந்தச் சொல்லை எடுத்தார்கள் என்பதே ஒரு பெரிய வரலாறு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது இராபர்ட் தெ நோபிலி, 'சருவேசுரன்' என்றார். தரங்கம்பாடி லுத்தரன் மரபில் வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். பவர் ஐயரைத் தலைமையாகக் கொண்டு 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் 'தேவன்' நிலைபெற்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' அமர்ந்தது. சொல் மாறும்போது பொருளும் சற்று இடம்பெயர்கிறது. 'சருவேசுரன்' சைவரின் ஈசுவரனை நினைவூட்டும். 'பராபரன்' தாயுமானவரின் நெஞ்சுக்கு நெருக்கமான சொல். 'தேவன்' என்றால் முப்பத்து முக்கோடித் தேவரில் ஒருவர்தானோ என்று ஓர் இந்து கேட்கக்கூடும். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதனோடு பழைய வீட்டின் வாசனையும் வந்தே தீரும். ஆகவே, ஒரு பழைய ஞானோபதேச நூலைத் திறக்கும்போது இது எந்த ஆண்டில், எந்தச் சபையில், எந்தச் சொல்லைத் தேர்ந்து எழுதப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கவிஞர்களுக்கு இது புதிய பாடம் அன்று. ஒரு சொல்லை மாற்றினால் கவிதையே மாறிவிடும் என்று நாள்தோறும் அறிபவர்கள் நீங்கள்.

அடுத்துப் பார்க்கவேண்டியது, அந்த நூல் யாரோடு வாதிடுகிறது என்பதை. இறையியல் நூல்களிற் பல, வாதுக்கு எழுதப்பட்ட விடைகள். வீரமாமுனிவர் இயற்றிய 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியவை தரங்கம்பாடி லுத்தரன் குருமாரை எதிர்த்து எழுதப்பட்டவை. அவற்றின் உரைநடை வன்மை கண்டு வியக்கலாம். ஆனால் லுத்தர் யார் என்று அறிய அவற்றை மட்டும் படிப்பது, வழக்கில் ஒரு தரப்பு வக்கீலின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது போன்றது. இதே நீதி எல்லாப் பக்கத்துக்கும் உரியது. உரோமைத் திருச்சபையைப் பற்றி லுத்தரன் நூல் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. சைவத்தைப் பற்றிக் கிறித்தவத் துண்டறிக்கை சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. கிறித்தவத்தைப் பற்றிச் சைவக் கண்டன நூல் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது.

இதற்கு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் வாழ்க்கை ஒரு நல்ல விளக்கம். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தலைமையில் நடைபெற்ற விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் இளம் நாவலர் பல ஆண்டுகள் துணைநின்றார். அந்த நூலின் ஒவ்வொரு வரியையும் கண்டவர். பின்னர் அவரே பணியைத் துறந்து சைவம் வளர்க்கப் புறப்பட்டார்; 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். கிறித்தவத்துக்கு எதிராக எழுதியவர்களில் அவரைப்போல் விவிலியத்தை அறிந்தவர் மிகச் சிலரே. எதிர்த்தவரும் படித்துவிட்டே எதிர்த்தார் என்பதை நாம் மறக்கலாகாது. இன்று ஒரு நூலைப் புகழ்பவரும் அதைப் படித்ததில்லை; இகழ்பவரும் அதைப் படித்ததில்லை.

இனி வாழ்க்கை வரலாறு. இங்கேதான் நாம் மிகுதியாக வழுக்கி விழுகிறோம். ஏனெனில் நன்றியுணர்வு கதை வளர்க்கும். அது தீய எண்ணத்தால் வருவது அன்று, அன்பால் வருவது. நம் பள்ளத்தாக்கில் இதற்குச் சான்று தேட வெகுதூரம் போகவேண்டாம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றது. பென்னிகுவிக் அவர்களை நம் மக்கள் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்திருக்கிறார்கள், அது தகும். ஆனால் தம் சொத்தை விற்றும் மனைவியின் நகையை விற்றும் அவர் அணையைக் கட்டி முடித்தார் என்று கூறுகிறோமே, அணை சென்னை மாகாண அரசின் திட்டமாக, அரசின் செலவில் கட்டப்பட்டது. அப்பணியில் இருந்த பொறியாளர் மெக்கென்சி 1899இல் எழுதிய வரலாறு நமக்கு இருக்கிறது. காட்டுக் காய்ச்சலும் வெள்ளமும் மனித உயிர்களைக் கொண்டுபோனதை அறிந்த பின்பும் அவருடைய பெருமைக்கு நகைக்கதை வேண்டுமா? கதை இல்லாமலே அவர் பெரியவர். இன்னொன்றும் உண்டு: கதையில் ஒருவர் மட்டுமே தியாகி ஆகிறார், காட்டில் இறந்த பெயர் தெரியாத கூலியாள்கள் மறைந்துபோகிறார்கள்.

இதே போக்கு கிறித்தவத் தமிழ்ச் சான்றோர் வரலாற்றிலும் உண்டு. வீரமாமுனிவரையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்தவர். அவருடைய வரலாற்றைத் தமிழில் முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதினார். முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, வாய்வழிச் செய்திகளையும் திரட்டி எழுதப்பட்ட நூல் அது. முனிவர் வெகுவிரைவில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுச் சந்தா சாகிபின் திவானாக விளங்கினார் என்றும், 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்றும் வழங்கும் செய்திகள் அந்த வழி வந்தவை. சேசு சபையின் ஆவணங்களை ஆராய்ந்தோர், அவர் 1747இல் சேரநாட்டு அம்பலக்காட்டில் மறைந்தார் என்று கண்டனர். திவான் கதையை ஏற்கத் தயங்கினர். இதனால் முத்துசாமிப் பிள்ளையை நாம் இகழலாமா? கூடாது. அவர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்திராவிட்டால் முனிவரைப் பற்றிப் பல செய்திகள் அழிந்தே போயிருக்கும். நன்றியோடு படிப்போம், அதே வேளையில் ஐந்தாண்டுப் பிழையைத் திருத்திக்கொள்வோம்.

அடுத்த சான்றைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஜி.யு.போப் அவர்கள் தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்குமாறு இறுதி விருப்பம் தெரிவித்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியை நான் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பள்ளி விழாக்களில் சொல்லியிருக்கிறேன், கையொலி பெற்றிருக்கிறேன். ஒருநாள் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், வளர்ந்து வேலைக்குப் போனபின், அந்தக் கல்லறையின் நிழற்படத்தைக் கொண்டுவந்து, "ஐயா, நீங்கள் சொன்ன வரி இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். ஆக்ஸ்போர்டில் உள்ள அந்தக் கல்லில், அவர் தென்னிந்தியாவில் பணியாற்றியவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற செய்தி இருக்கிறது. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி அந்தக் கல்லை வைத்தார்கள் என்ற செய்தியும் இருக்கிறது. நான் சொல்லிவந்த வரி இல்லை. அன்று எனக்கு ஏற்பட்ட நாணம் சிறிதன்று. ஆனால் பிறகு எண்ணிப் பார்த்தேன். நம் முன்னோர் கடல் கடந்து ஒரு தமிழ்த் தொண்டருக்குக் கல் எடுக்கத் துணைநின்றார்கள் என்ற உண்மை, நான் சொல்லிவந்த கதையைவிடப் பெரிது அல்லவா? கற்பனை வரியைப் பிடித்துக்கொண்டு மெய்யான வரியை இழந்திருந்தேன்.

போப் அவர்களைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தைத் தம் எண்பதாம் வயதில் 1900இலும் ஆங்கிலத்தில் தந்தவர். குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், வள்ளுவர் மயிலைக் கடற்கரையில் கிறித்தவப் போதகரோடு பழகியிருக்கக்கூடும், மலைப்பொழிவின் சாயல் குறளில் உண்டு என்னும் கருத்தை முன்வைத்தார். அதற்குச் சான்று இல்லை. ஆய்வுலகம் அதை ஏற்கவில்லை. அவரது மொழிபெயர்ப்பு உழைப்பைப் போற்றுவோம். அந்தக் கருத்தைத் தள்ளுவோம். ஒரே நூலில் ஒரு பக்கத்தை ஏற்று மறுபக்கத்தை மறுக்கக் கற்றவரே தேர்ந்த வாசகர்.

புனிதர் வரலாறுகளையும் இவ்வாறே அணுகவேண்டும். தேவசகாயம் அவர்கள் நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்க வரலாறு அவரை விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சி என்கிறது. திருவிதாங்கூர் அரசுக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்று வாதிடுவோரும் உளர். தேர்ந்த வாசகர் இரண்டையும் அறிந்திருக்கவேண்டும். அதைவிட எண்ணத்தக்கது அவருடைய பெயர். 'தேவசகாயம் பிள்ளை' என்றே நெடுங்காலம் அழைத்தோம். சாதிப்பெயர் ஒரு புனிதரோடு ஒட்டலாகாது என்ற வேண்டுகோள் எழுந்தது. திருச்சபை அதற்குச் செவிசாய்த்தது. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் தேவசகாயம் மட்டுமே. இருநூற்றெழுபது ஆண்டுகள் கழித்து ஒரு வாழ்க்கை வரலாறு திருத்தப்பட்டது. திருத்தியவர்கள் பகைவர் அல்லர், கேள்வி கேட்ட வாசகர்கள்.

சாதி என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இதை மழுப்பிக்கொண்டு கிறித்தவ இலக்கியம் பேசுவது நேர்மையாகாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்த பெருங்கவிஞர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். சரபோஜி மன்னரோடு ஒருசாலை மாணாக்கராய்ப் பயின்றவர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. 1820களில் புதிதாய் வந்த பாதிரிமார் மீது அவர் குறைகளை அடுக்கி எழுதினார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள் என்பது ஒன்று. திருமணத்திலும் சாவிலும் பூமாலையை விலக்குகிறார்கள் என்பது ஒன்று. ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் நீக்குகிறார்கள் என்பது ஒன்று. நற்கருணையில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாய்க் கலக்க வற்புறுத்துகிறார்கள் என்பது மற்றொன்று. இந்த முறையீட்டை இன்று படிக்கும் நாம் என் செய்வோம்? தமிழிசையையும் பூவையும் காக்க நின்றவரோடு நாமும் நிற்போம். சாதிப் பிரிவினையைக் காக்க நின்றவரோடு நிற்கமாட்டோம். இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறு அன்று. அதே முறையீட்டில் அயல்நாட்டுப் பாதிரியார் சாதியில் நேர்மையாகவும் இசையில் குறுகிய மனத்தோடும் நிற்பதைக் காண்கிறோம். எவரையும் முழு வெள்ளையாகவோ முழுக் கறுப்பாகவோ தீட்ட இடமில்லை.

கால்டுவெல் அவர்களின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தை நாம் தலைமேல் வைத்துப் போற்றுகிறோம். அவரே 1849இல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அம்மக்களின் நெஞ்சைப் புண்படுத்தியது. எதிர்ப்பால் அந்நூல் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்களில் கிறித்தவர்களே முன்னின்றனர் என்பதைக் கவனியுங்கள். மிஷன் நூல்களின் முதல் தேர்ந்த வாசகர்கள், ஆலயத்தின் தரையில் அமர்ந்திருந்த தமிழ்ப் பொதுமக்களே.

அந்த வரிசையில் வருவதே பாமா அவர்கள் 1992இல் வெளியிட்ட 'கருக்கு'. துறவற மடத்துக்குள் சென்று வெளியேறிய ஒரு தலித் பெண், தான் கேட்ட போதனைக்கும் தான் கண்ட நடப்புக்கும் இடையே உள்ள தூரத்தைத் தம் ஊர்ப் பேச்சிலேயே அளந்து காட்டினார். அது வாழ்க்கை வரலாறா, இலக்கியமா, இறையியலா என்று கேட்டால் மூன்றும்தான் என்பேன். வேதநாயக சாஸ்திரியாரைப் படித்தவர் பாமாவையும் படிக்கவேண்டும். பாமாவைப் படித்தவர் சாஸ்திரியாரையும் படிக்கவேண்டும். ஒருவரை மட்டும் அறிந்தவர் தமிழ்க் கிறித்தவத்தைப் பாதியே அறிந்தவர்.

மூன்றாவது, இலக்கியம். இங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு. இறையியலில் 'இது எதனை மறுக்கிறது?' என்கிறோம், வரலாற்றில் 'இது நடந்ததா?' என்கிறோம், இலக்கியத்தில் 'இது கவிதையாயிற்றா?' என்று கேட்கவேண்டும். கேள்விகளை மாற்றிக் கேட்டால் எல்லாம் குழம்பும். தேம்பாவணியின் தலைவன் வளன் என்னும் சூசையப்பர். நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் ஒரு சொல்லேனும் பேசியதாகப் பதிவில்லை. அந்த மௌனத்தின் மேல் 3,615 பாடல்களைக் கட்டினார் வீரமாமுனிவர். சுபானிய நாட்டுத் துறவி ஆகிருத மரியாளின் காட்சிகளிலிருந்து செய்திகளை எடுத்தார். நாட்டுப்படலமும் நகரப்படலமும் பாடி யூதேயாவைச் சோழநாடு ஆக்கினார். 'விவிலியத்தில் இது இல்லையே' என்று குறைகூறும் பக்தரும், 'யூதேயாவில் ஏது வாழையும் நெல்லும்' என்று நகைக்கும் அறிஞரும் காப்பியத்தைப் படிக்கவில்லை. சிந்தாமணியும் கம்பனும் உலவிய வீதியில் ஓர் அயல்நாட்டார் தம் தலைவனை எவ்வாறு நடத்திச் சென்றார் என்பதே அங்குக் காணவேண்டியது. எங்கெல்லாம் போதனை கவிதையை நெரிக்கிறதோ அங்கே அது சோர்கிறது என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. முனிவர் என்பதற்காகச் சோர்ந்த பாடலைச் சுவையானது என்று சொல்லவேண்டியதில்லை.

எச்.ஏ.கிருட்டிணபிள்ளை அவர்களிடம் வேறொரு பாடம் இருக்கிறது. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், 1858இல் கிறித்தவரானவர், 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். அதன் மூலநூல் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூல். பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழிலாளி. அரசின் அனுமதியின்றிப் போதித்ததற்காகச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். அவருடைய நூலின் நடை கடைத்தெரு நடை. படிக்காதவனும் கேட்டுப் புரிந்துகொள்வான். அதே நூல் தமிழில் வரும்போது கம்பனின் விருத்தத்தை அணிந்துகொண்டு புலவர் அவைக்கு வருகிறது. கிறித்தவக் கம்பர் என்று அவரைப் போற்றுகிறோம், போற்றுதலில் பிழையில்லை. ஆனால் வரும் வழியில் ஒன்று கிடைத்தது, ஒன்று தொலைந்தது என்பதையும் காணவேண்டும். ஆழ்வார்களின் உருக்கம் கிடைத்தது; பாத்திரத் தொழிலாளியின் குரல் தொலைந்தது. எது இலாபம், எது நட்டம் என்று வாதிடுவதற்கு இந்த வட்டத்தைவிடத் தக்க இடம் எது?

மேலும், கிறித்தவ இலக்கியம் கிறித்தவர் எழுதியது மட்டும் அன்று. 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதிய கண்ணதாசன்தான் 'இயேசு காவியம்' இயற்றினார். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடினார்; 1879இல் நாவல் என்னும் புதுவகையைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. எல்லைச் சுவர்களைக் கவிஞர்கள் வெகுகாலமாகவே தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசகர்கள்தாம் இன்னும் வாயிலில் நிற்கிறோம்.

அன்பர்களே, இந்தத் தேர்வு ஏன் நமக்கு வேண்டும்? புலமை காட்டுவதற்கு அன்று. இந்தப் பள்ளத்தாக்கில் ஆலய மணியும் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. தேரும் சப்பரமும் ஒரே தெருவில் போகின்றன. இப்படி அருகருகே வாழ்வோரிடத்தில் பொய்யான புகழும் ஆபத்து. பொய்யான இகழ்ச்சி அதைவிடப் பேராபத்து. பக்கத்து வீட்டாரின் நூலைப் பற்றி ஒரு பொய்யை நாம் பரப்பினால் அது நூலோடு நிற்காது. அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆதலின், தேர்ந்து படித்தல் அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அயலார் நூலை எந்தத் தராசில் நிறுக்கிறோமோ அதே தராசில் நம் நூலையும் நிறுக்கவேண்டும். வீரமாமுனிவர் கதையில் ஆவணம் கேட்பவர், தம் குலத்துக் கதையிலும் தம் மடத்துக் கதையிலும் ஆவணம் கேட்கத் துணியவேண்டும். துணியாதவர் கேட்பது ஆய்வு அன்று, வம்பு.

வட்டத்துக்கு மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஒன்று: மாதக் கூட்டத்தில் ஒரு நூலைப் பேசும்போது, அதைப் போற்றுபவர் ஒருவரும் மறுப்பவர் ஒருவரும் பேசட்டும், இருவரும் நூலை முழுதும் படித்தவராக இருக்கட்டும். இரண்டு: மேடையில் ஒரு செய்தியைச் சொல்பவரிடம், எந்த நூலில் கண்டீர்கள் என்று கேட்கும் உரிமை கடைசி வரிசை மாணவனுக்கும் இருக்கட்டும். என்னை நாணவைத்த அந்த மாணவனுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். மூன்று: இந்த மலரில் அச்சாகும் என் உரையிலும் பிழை கண்டால் எழுதுங்கள், அடுத்த மலரில் திருத்தம் வெளியாகட்டும்.

யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் திராட்சைச் செடி உவமை ஒன்று வருகிறது. அதில் தந்தை உழவராகவும், கனிதரும் கிளையைக் கழித்துச் சீர்செய்பவராகவும் வருகிறார். நகரத்து விரிவுரையாளர் பலருக்கு இது வெறும் உருவகம். நம் ஊர் உழவருக்கு இது நேற்றுக் காலை வேலை. கவாத்துச் செய்யாத கொடியில் இலை அடர்ந்து பந்தல் பச்சையாய்த் தெரியும், பழம் இராது. கவாத்துக் கத்தரி எடுத்தவரைக் கொடியின் பகைவர் என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. நூல்களின் பந்தலுக்கும் அந்தக் கத்தரி வேண்டும். அதனை அன்புள்ள கை பிடிக்கட்டும்.